உத்திரத்தன்று ஏரியைக் காத்தவள்

அண்ணாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவது. அம்மா பேசுகிற மாதிரியே எழுதினால் அரக்கோணத்தில் உன்னோடு தங்கியிருப்பவர்கள் எடுத்துப் படித்துச் சிரிப்பார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகிய நடையில் எழுதுகிறேன். ஆனால் சொல்கிற விஷயம் எல்லாம் அம்மாவுடையதுதான். சொன்னதை மாற்றக்கூடாது என்று தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகவே இனி ‘நான்’ என்று வருகிற இடமெல்லாம் அம்மா. என் பேச்சு வருகிற இடத்தில் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

மகனே, நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் எல்லாக் கடிதமும் தொடங்கும். இந்தக் கடிதத்தில் அதை நான் கேட்கப்போவதில்லை. பக்கத்து வீட்டுக் கங்கம்மா செத்துப்போனாள். பங்குனி உத்திரத்தன்று நம் ஏரியில் வேட்டைத் துப்பாக்கியின் ரவைகள் கழுத்திலும் மார்பிலும் பாய்ந்து, மறுநாள் விடியும்போது உயிர் போயிற்று. அவளைச் சுட்டதாக, ஏரிப் பக்கத்துப் பனைமரங்களுக்குக் கீழே கூட்டத்தோடு தங்கியிருந்த மாணிக்கம் என்கிற குருவிக்காரனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை அவனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்களாம். அவன் சுடவில்லை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திங்கட்கிழமைக்குள் நீ வரவேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று உனக்குச் சொல்வதற்காக.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முதலில் இருந்தே சொல்கிறேன். யாராவது அதிகாரி கேட்டால் எப்படிச் சொல்வது என்று சில நாட்களாக மாட்டுக் கொட்டகையில் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் ஏரித் தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களிலும் கடம்ப மரங்களிலும் ஐப்பசி மழைக்குப் பிறகு நாரைகளும் கொக்குகளும் வந்து கூடு கட்டும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, அதுகளுக்கு இறக்கை முளைத்துப் பறக்கச் சித்திரை ஆகிவிடும். அதுவரை ஏரி அதுகளுடையது. அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்கிற வயலுக்கு வேறு எரு வேண்டாம் என்று நம் ஊரில் எந்தக் காலத்திலோ கண்டுகொண்டார்கள். பாதி நெல்லுக்காக, பாதி தர்மத்துக்காக. அந்த மாதங்களில் ஊருக்குள் வெடி கிடையாது, மேளம் கிடையாது. கல்யாணம் என்றால் திருத்தணி மலைமேல் போய்த்தான் நாதஸ்வரம். சாவுக்குக்கூடப் பறை கிடையாது. துப்பாக்கியோடு எவரும் வந்துவிடாமல் இருக்க, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக் கரையைச் சுற்றிக் காவல் நடப்போம்.

காவல் நடக்கிறவர் கத்தக்கூடாது. அதுதான் முக்கியம். கத்தினால் தாய்ப்பறவைகள் ஒரே நேரத்தில் எழுந்துவிடும். கூடு காலியான அந்தக் கொஞ்ச நேரம் காக்கைக்கும் பருந்துக்கும் போதும். ஆகையால் யாராவது துப்பாக்கியோடு வந்தால், மேல்துண்டையோ முந்தானையையோ தலைக்குமேல் தூக்கி வீசிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சத்தமில்லாமல் அவர்களுக்கு எதிரே போய் நிற்கவேண்டும். இது காவல் ஏரி, திரும்பிப் போ என்று அர்த்தம். இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் அது தெரியும். நானே ஒரு தடவை கனகம்மாசத்திரத்தில் இருந்து வந்த இரண்டு பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய்.

பங்குனி உத்திரத்தன்று மட்டும் ஊரே காவடி எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடும். அன்று காவல் யாருக்கு என்றால், வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டுக்கு. தீட்டு உள்ளவர்கள் மலை ஏற முடியாது. அவர்கள் ஊரில்தான் இருந்தாகவேண்டும், ஆகவே ஏரியும் அவர்கள் பொறுப்பு. இந்த வருஷம் அப்படி இருந்தது ஒரே வீடு. கங்கம்மாவின் புருஷன் கார்த்திகையில் விஷக்காய்ச்சலில் போனான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அவள் ஒருத்தி.

உத்திரத்துக்கு முந்தின வாரம் நீ வந்திருந்தாய். தங்கைக்குப் பிஸ்கோத்துப் பொட்டலம் கொண்டுவந்தாய். உன் நைனாவின் கால் வீக்கத்தைப் பார்த்து, உன் கான்டிராக்டர் முதலாளியிடம் சொல்லி மெட்ராசில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்றாய். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காத நாளிலும் அவர் வண்டி நிற்காது, அவரைப் பார்க்க எத்தனை பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னாய். கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டாய்.

“இந்த வருஷம் உத்திரத்துக்கு யாரும்மா காவல்?”

“கங்கம்மாதான். வேற யாரு கீறாங்க, தீட்டு வூட்ல?”

“ஒண்டியாவா?”

“ஆங், ஒண்டியாத்தான். சாமி நாளும் அதுவுமா எவன்டா துப்பாக்கி தூக்கினு வரப்போறான்?”

நீ சிரித்தாய். ஊரை விட்டுப் போயும் ஊர்க் காவலைப் பற்றி விசாரிக்கிறானே என்று நான் உன் நைனாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன வாய் இது. அதனால்தான் இந்த வாயைத் திறந்தே ஆகவேண்டும் என்கிறேன்.

உத்திரத்தன்று வழக்கம்போல ஏரிக்கரையைத் தாண்டும் வரைக்கும் மேளத்தைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், ரோட்டைத் தொட்ட பிறகுதான் அடித்தோம். கங்கம்மா மதகுக்குப் பக்கத்தில் நின்று கொண்டிருந்தாள். ‘எனக்கும் சேத்து ஒரு முடி எறக்கிட்டு வா அக்கா’ என்றாள். ‘உன் முடிய நீயே வந்து எறக்கு, அடுத்த வருஷம் சாமி எங்கியும் ஓடிடமாட்டாரு’ என்றேன். மலையில் படியேறும்போதும் இறங்கும்போதும் நான் உனக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். முதலாளி மனம் கோணாமல் இவன் நடந்துகொள்ளவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பொழுது சாயத் திரும்பி வந்தால், கங்கம்மாவைக் குருவிக்காரனும் அவன் பெண்டாட்டியும் ஏரியிலிருந்து தூக்கிவந்து அவள் வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். அவர்கள் துணியெல்லாம் ரத்தம். அவளால் பேச முடியவில்லை. நான் வாயில் தண்ணீர் விட்டேன். விட்ட தண்ணீர் கழுத்து வழியாக வந்தது.

போலீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். செத்தவளைத் தூக்கி வந்தவன் குருவிக்காரன், அவன் துணியில் ரத்தம், அவன் வண்டிக்கு அடியில் துப்பாக்கி. அதற்குமேல் அவர்கள் யாரையும் தேடவில்லை. மணியக்காரரும் சரி என்றார். ஊரும் சரி என்றது. நானும் அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன், மறைக்கமாட்டேன். அவன் பெண்டாட்டி கதறியபோது நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிறகு நம் வீட்டு முறை வந்தது. கங்கம்மா செத்த பிறகு காவலுக்குப் போக ஊரில் எல்லோருக்கும் பயம். நைனாவால் நடக்க முடியாது. உன் தங்கைக்கு லீவு நாள். நானும் அவளும் விடிந்ததும் கிளம்பினோம். அன்றைக்குப் பார்த்ததை என்னைவிட இவள் நன்றாகச் சொல்வாள், இவளுக்குக் கண் கூர்மை. இந்த இடத்தை நீயே எழுதடி என்று விட்டுவிடுகிறேன்.

அண்ணா, இந்தப் பகுதி என்னுடையது. நாங்கள் கிழக்கு மதகிலிருந்து தொடங்கினோம். எங்கள் டீச்சர் படிக்கக் கொடுத்திருந்த பறவைப் படப் புத்தகத்தை நனையாமல் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தேன். அதில் பெயரெல்லாம் இங்கிலீஷில்தான், ஆனால் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். பங்குனி வெயிலில் தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது. கரை ஓரம் சேறு வெடித்து, அதில் சின்னச் சின்னக் கால்தடங்கள், யாரோ கோலம் போட்டுப் பழகின மாதிரி. முதலில் தாழைக்கோழி ஒன்று கோரைக்குள் ஓடியது. முக்குளிப்பான் நான் பார்க்கிறேன் என்று தெரிந்தவுடன் முங்கிவிட்டது, எங்கே எழும்பும் என்று நான் விரல் நீட்டிய இடத்தில் எழும்பவே இல்லை. மடையான் சேற்று நிறத்தில் உட்கார்ந்திருந்து, பறக்கும்போது மட்டும் வெள்ளையாகிவிட்டது. நீர்க்காகங்கள் பட்டுப்போன மரத்தில் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தைப் புரட்டினேன். அம்மா கேட்டாள், “பொஸ்தகத்துல கொக்குக்கு எத்தினி பேருடி கீது?” “ஏழெட்டு இருக்கும்மா.” “நாம வெச்சது ஒண்ணே ஒண்ணு. அதைச் சொல்லிக் கூப்புட்டாலே அது திரும்பிப் பார்க்கறதில்ல” என்றாள். கங்கம்மா அத்தை போனபிறகு அம்மா வேடிக்கையாகப் பேசியது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மேற்குப் பக்கம் திரும்பினோம்.

மேற்குப் பக்கம் முதலில் தெரிந்தது சத்தமில்லாமை. நாரைக் குஞ்சுகள் இருக்கிற மரத்தடியில் இந்த மாதத்தில் இரைச்சலில் வேறொன்றும் காதில் விழாது, தாயைப் பார்த்துப் பசி பசி என்று அலகைத் தட்டிக்கொண்டே இருக்கும். அங்கே ஒன்றும் இல்லை. கிட்டப் போனால் நாற்றம். கூடுகள் அப்படியே இருந்தன. தாய்ப்பறவை இல்லாத கூடுகளில் குஞ்சுகள் கழுத்தைத் தொங்கப்போட்டுச் செத்திருந்தன. இன்னும் சில வெளியே விழப்போய்க் கிளைக்கவட்டில் கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கின. காற்றில் அசைந்ததால் உயிர் இருக்கிறதோ என்று நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இல்லை. காக்கைகள் தின்று தின்று, நாங்கள் போனபோதுகூட எழும்பாமல் உட்கார்ந்திருந்தன. ஒரே ஒரு நத்தைகுத்தி நாரை மட்டும் அலகில் நத்தையை வைத்துக்கொண்டு, கூட்டு விளிம்பில் நின்று செத்த குஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தது. ஊட்டவும் இல்லை, நத்தையைப் போடவும் இல்லை. அந்தப் பறவையைப் புத்தகத்தில் தேட எனக்கு மனம் வரவில்லை. மரத்தடியில் சேற்றில் சிவப்புக் காகிதக் குழல்கள் கிடந்தன, அடியில் பித்தளை மூடி. பட்டாசு என்று நினைத்து எடுத்தேன். அம்மா, “போட்ரீ கீழே” என்றாள். பிறகு அவளே, “எடு, எல்லாத்தையும் எடு” என்றாள். மாணிக்கத்தின் துப்பாக்கி, வாய் வழியாக மருந்து போட்டுக் குச்சியால் இடிக்கிற துப்பாக்கி. அதற்கு இந்த மாதிரித் தோட்டாவே கிடையாது. இது எனக்கே தெரியும். சுடுகாட்டு வழியில் கார்ச் சக்கரம் பதிந்த தடமும் காய்ந்து கிடந்தது. என் பேச்சு இத்தோடு முடிந்தது. இனி அம்மா.

மகனே, அந்த வழியில் கார்த் தடத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. சுடுகாட்டுப் பக்கம் அடைத்துவைத்திருக்கிற முள்ளை இழுத்துப் போட்டால் வண்டி வரும் என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? பனைமரங்களுக்குக் கீழே மாணிக்கத்தின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். புருஷனைக் கொண்டுபோன பிறகு அவர்கள் கூட்டம் பயந்து திருத்தணிப் பக்கம் போய்விட்டது, இவள் மட்டும் போகவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து தள்ளி நின்றாள்.

“எட்ட நின்னே கேளு சாமி. துவைச்சும் போகல, இன்னும் அந்தம்மா ரத்தம் கீது துணியில.”

“நீ இன்னா பார்த்தே? உள்ளதைச் சொல்லு.”

“நான் சொல்லாமலா இருந்தேன்? போலீசு அய்யாகிட்ட சொன்னேன். உங்க மணியக்காரர்கிட்ட கால்ல வுழுந்து சொன்னேன். ஏழை சொல்லு அம்பலம் ஏறுமா? உன் வூட்டுக் கதவையும்தான் தட்டினேன்.”

“இப்பக் கேக்கறேன், சொல்லும்மா.”

“புள்ளைக்குக் காய்ச்சல், அதனால நாங்க மலைக்கு மணி விக்கப் போவல. காரு வந்துச்சு. ஒரு பையன் எறங்கி முள்ளை இழுத்து வழி பண்ணிக் குடுத்தான். தொப்பி போட்ட ஆளுங்க எறங்கினாங்க. சுட்டாங்க. வுழ வுழச் சிரிச்சாங்க. எம் புருஷன் போய்த் தடுக்கறேன்னான், நான்தான் வேணாம்னு காலைப் புடிச்சுகினேன். அப்புறம் மரத்துக்கு நடுவுல வெள்ளையா ஒண்ணு மேல எழும்பிச்சு சாமி. புடவைத் தலைப்பு. அந்தம்மா இடுப்புத் தண்ணில வீசிகினே வந்தாங்க, ஒரு சத்தம் இல்ல. தொப்பி போட்டவரு ஒருத்தரு, ‘அதோ பெருசு, பெருசு’ன்னாரு. வெடிச்சாரு.”

“வழி காட்டின பையன் இன்னா பண்ணான்?”

“பார்த்துகினே நின்னான். வெடிச்சதுக்கு அப்புறம்தான் கத்தினான். கத்தினவன் தண்ணில எறங்கல. அவனைக் கையைப் புடிச்சு இழுத்துக் காருல போட்டுகினு போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேருந்தான் எறங்கித் தூக்கினோம்.”

“அவன் எப்படிக் கீறான்?”

“உசரமா, சின்ன வயசு. இந்தப் பக்கத்துக் காது மடல் பிஞ்சிருக்கும் சாமி.”

இடது காதைத் தொட்டுக் காட்டினாள். உன் தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. நடடி என்றேன். காவலை நடுவில் விடக்கூடாது, ஆகவே மீதிக் கரையையும் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். என்ன பறவை பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. இவளும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

அந்தக் காது எப்படிக் கிழிந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. உனக்கு ஏழு வயதிருக்கும். நம் வீட்டு முறைக்கு நீயும் என்னோடு வந்தாய். கூட்டிலிருந்து தவறி விழுந்த ஒரு குஞ்சு தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கருவேல மரத்தில் ஏறிவிட்டாய். கூட்டில் வைத்துவிட்டு இறங்கும்போது முள் காதில் மாட்டியது. கத்தினால் பறவையெல்லாம் எழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு, முள்ளிலிருந்து நீயே காதைப் பிய்த்துக்கொண்டு இறங்கினாய். தோளெல்லாம் ரத்தம், கண்ணில் தண்ணீர், ஒரு சத்தம் இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டும்போது ஊர்ப் பெண்களிடம் நான் இதை எத்தனை தரம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன். கங்கம்மாவும் அப்போது கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்தாள். ‘என் புள்ளைக்கும் இந்த மாதிரி மனசு வரட்டும்’ என்றாள். அவளுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

ஆகையால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த வெள்ளைத் துணி மரங்களுக்கு நடுவே எழும்பியபோது அங்கே நின்றவர்களில் அது பறவை இல்லை என்று அறிந்தவன் நீ ஒருவன்தான். பெருசு என்று சொன்னவருக்குத் தெரியாது. அவர் வெளியூர்க்காரர், நாரைக்கும் முந்தானைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாமல் போயிருக்கலாம். உனக்குத் தெரியும். எழும்பினதற்கும் வெடித்ததற்கும் நடுவில் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்ததா, இல்லையா? இருந்ததா என்று அந்தப் பெண்ணிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயமாக இருந்தது. சின்ன வயதில் பழகின பழக்கம், ஏரியில் கத்தக்கூடாது என்பது, தொண்டையைப் பிடித்துக்கொண்டதா? அல்லது முதலாளி இருக்கும்போது பேசக்கூடாது என்கிற பழக்கமா? கங்கம்மா கத்தாமல் வந்தது நாம் சொல்லிக்கொடுத்த வழக்கத்தால். நீ கத்தாமல் நின்றது எதனால்? இதை நீதான் சொல்லவேண்டும். எனக்கல்ல, கோர்ட்டில். நேரம் இருக்கவில்லை என்று நீ அங்கே சொன்னால் நான் நம்புவேன். என்னிடம் தனியாக வந்து சொன்னால் நம்பமாட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் சொன்னேன். அவர் வீங்கிய காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பிறகு சொன்னார்: “நீ பெத்தியா அவனை, இல்ல கொளத்துலேர்ந்து எடுத்தியா? பெத்தவளே புள்ளையக் காட்டிக் குடுப்பாளா?” “சுட்டவன் அவனில்லையே, பார்த்ததைச் சொல்லத்தானே கூப்பிடறேன்” என்றேன். “கான்டிராக்டரு வக்கீலு வெச்சு எல்லாத்தையும் இவன் தலையிலதான் கட்டுவாரு. எனக்குக் கொள்ளி வெக்க ஒருத்தன்தான் கீறான்” என்றார். “கங்கம்மாவுக்குக் கொள்ளி வெக்க யாருமே இல்ல, தலையாரி வெச்சான். அந்தக் குருவிக்காரன் புள்ளை உங்க கையகலம் கூட இல்ல, அது யாருக்குக் கொள்ளி வெக்கும்?” என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் போடுகிற சோற்றை அவர் தொடுவதில்லை. உன் தங்கைதான் போடுகிறாள். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உன் முதலாளி அப்படிச் செய்யக்கூடியவர்தான். நீ வந்தால் உனக்கு நல்லதே நடக்கும் என்று பொய் சொல்லி உன்னைக் கூப்பிடமாட்டேன். வேலை போகும். உன்னையும் உள்ளே வைத்தாலும் வைப்பார்கள். எல்லாம் தெரிந்துதான் வா என்கிறேன்.

சிவப்புக் குழல்களை எடுத்துக்கொண்டு மணியக்காரரிடமும் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்தார். “எவன் எப்பப் போட்டதோ. தோட்டா வந்து சாட்சி சொல்லுமா? வேற ஆளைக் காட்டு, வுட்டுடுவாங்க. காட்டாத வரைக்கும் இவன்தான். ஊரில்லாத பசங்க, போனா யாரு கேக்கப்போறாங்க? நீ எதுக்குத் தேவையில்லாம மண்டையை உடைச்சிக்கறே?” என்றார். அவருக்கும் ஏதோ தெரியும் என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கலாம். உன்னை நினைத்தும் என்னை நினைத்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊருக்குச் சத்தம் போடாமல் இருப்பது பழக்கம்தானே.

பெரிய மனிதர்களோடு பழகுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வண்டியில் முன்பக்கம் உட்காரும்போது, அந்த வண்டி எங்கே போகிறது என்று கேட்கிற தைரியம் வேண்டும். அது இல்லாதவன் நடந்துபோவது மேல். இதை உன்னை அரக்கோணத்துக்கு அனுப்பும்போதே சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது, ‘அவர் சொன்னபடி கேட்டு நட’ என்பது. நீ அப்படியே நடந்துகொண்டாய்.

உனக்கு இன்னொன்றும் சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது வாத்தியாரின் மூக்குப்பொடி டப்பாவைக் கிணற்றில் போட்டுவிட்டாய். வாத்தியார் வேறொரு பையனைப் பிரம்பால் அடித்தார். நீ வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்தாய், சோறு இறங்கவில்லை. கேழ்வரகுக் களி உனக்கு உயிர், அதுவும் இறங்கவில்லை. இரண்டாம் நாள் நீயாகவே எழுந்துபோய் வாத்தியார் வீட்டு வாசலில் நின்று, நான்தான் என்று சொல்லி அடி வாங்கிக்கொண்டு வந்தாய். வந்து மூன்று உருண்டை சாப்பிட்டாய். முதுகு வீங்கியிருந்தது, முகம் தெளிவாக இருந்தது. மகனே, இப்போது உனக்குச் சோறு இறங்குகிறதா? இறங்கவில்லை என்றால் நீ இன்னும் என் பிள்ளைதான், உடனே புறப்பட்டு வா. இறங்குகிறது என்றால் எனக்கு எழுதாதே.

நீ வந்தால் ரயில் ஸ்டேஷனில் நான் நிற்பேன். உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் கூடவே வருவேன். அடித்தால் எதிரே நிற்பேன், உள்ளே வைத்தால் வாசலில் உட்கார்ந்திருப்பேன். உன்னை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று ஒருநாளும் நினைக்காதே. விட்டுக்கொடுக்க மனமில்லாததால்தான் முதலில் உனக்குச் சொல்கிறேன்.

நீ வராவிட்டாலும் திங்கட்கிழமை நான் போவேன். மாணிக்கத்தின் பெண்டாட்டியும் நம் வண்டியிலேயே வருகிறாள். அவளைப் பேசவிட்டுக் கேட்பதற்கு ஒரு ஊர்க்காரியாவது பக்கத்தில் நிற்கவேண்டும். காது மடல் பிய்ந்த பையன் யார் என்று கேட்பார்கள். இதுவரை எழுதிவந்த உன் தங்கை இப்போது நிறுத்திவிட்டுக் கேட்கிறாள், ‘அண்ணன் பேரை முழுசா சொல்லணுமாம்மா?’ என்று. முழுசாகத்தான் சொல்லவேண்டும், அப்பன் பேரோடும் ஊர்ப் பேரோடும். உனக்குப் பெயர் வைத்த அன்று உன்னை மடியில் போட்டுக்கொண்டு, கூடியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அதை உரக்கச் சொன்னவள் நான். அங்கேயும் அதே மாதிரிதான் சொல்வேன்.